மூன்று மில்லிகிராம் துத்தநாகம்

ஜெர்மனியில் ஒரு குழந்தை பிறந்தால், மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன்பே மஞ்சள் அட்டை போட்ட ஒரு கையேடு பெற்றோர் கைக்கு வந்துவிடும். பிறந்த அன்றே நடக்கும் ‘ஊ-1’ பரிசோதனை தொடங்கி, ஐந்து வயதையொட்டி வரும் ‘ஊ-9’ வரை எல்லாவற்றுக்கும் அதில் பக்கம் உண்டு. எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் வளைகோடுகளின் மேல் புள்ளி புள்ளியாக ஏறும். குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது: முதல் மூன்று பரிசோதனைகளிலும் வாயில் 2 மி.கி. வைட்டமின் கே சொட்டு, பிறகு முதல் வருடம் முழுக்க நாளுக்கொரு வைட்டமின் டி மாத்திரை, பல்லுக்கு ஃபுளோரைடு. துத்தநாகத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை.

தமிழ்நாட்டில், பேதியாகிறது என்று ஒரு கைக்குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு 14 ஜிங்க் மாத்திரைகளையும் தர வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு 20 மி.கி. கொண்ட முழு மாத்திரை, அதற்குக் கீழே பாதி. தேக்கரண்டியில் கொஞ்சம் தாய்ப்பாலோ கொதித்து ஆறிய தண்ணீரோ விட்டு மாத்திரையைப் போட்டால் சீக்கிரமே கரைந்துவிடும். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

ஜெர்மனியில் வாழும் தமிழ்ப் பெற்றோர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். “பிள்ளைக்கு ஜிங்க் குடுத்தியா?” என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்கிறார். இங்குள்ள குழந்தை மருத்துவர், தேவையில்லை, தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? என் வாதம், இருவர் சொல்வதும் சரி என்பதுதான். துத்தநாகம் பொதுவாகப் பிள்ளைகளுக்கு நல்லதா என்று கேட்டால் விடை கிடைக்காது. இந்தப் பிள்ளைக்கு அது குறைந்திருக்கிறதா, எந்த வழியில் குறைந்தது என்று கேட்டால்தான் கிடைக்கும். அப்படிக் கேட்கத் தவறியதால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தேவையில்லாத பிள்ளைகளுக்கு இனிப்பு வில்லைகளாக அது போய்ச் சேர்கிறது. தேவையுள்ள பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் துத்தநாகம் மொத்தமே 2 முதல் 3 கிராம். பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் இருக்கிறது. ரத்தத் திரவத்தில் ஓடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் இது நுழையாத வேலை உடம்பில் கிடையாது. மனித உடலின் புரதங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டுதான் தன் உருவத்தில் நிற்கிறது. மரபணுவைப் படித்து வேலையைத் தொடங்கிவைக்கும் புரதங்களும், செல் இரண்டாகப் பிரியும்போது ஓடியாடும் நொதிகளும் அதில் அடக்கம். எனவே வேகமாகப் பிரியும் செல்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் குறைவு முதலில் தெரியும்: தோல், குடலின் உட்சுவர், முடி, நோயெதிர்ப்பு அணுக்கள், வளரும் எலும்பு. வேறு வார்த்தையில் சொன்னால், ஒரு குழந்தையிடம் வேலை நடக்கும் இடங்கள் அத்தனையும்.

இந்த அறிவின் ஒரு பெரும் பகுதி ஜெர்மனியில் பிறந்த ஒருவரால் வந்தது. பெர்ட் வாலீ 1919-ல் வெஸ்ட்ஃபாலியாவின் ஹேமர் என்ற சிற்றூரில் பிறந்தவர். இன்று புலம்பெயர் தமிழர்கள் திருவிழாவுக்குக் கூடும் ஹாம் காமாட்சி அம்பாள் கோயிலிலிருந்து அது வெகுதூரமில்லை. 1938-ல் அமெரிக்கா போய், பின்னாளில் ஹார்வர்டில் துத்தநாக நொதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். 1940-ல் கேம்பிரிட்ஜில் கீலினும் மானும் ஒரு நொதியில் துத்தநாகத்தைக் கண்டிருந்தார்கள். 1954-ல் புரதத்தைச் செரிக்கும் கணைய நொதியிலும் அது இருப்பதை வாலீயும் நியூராத்தும் காட்டிய பிறகுதான் இது ஏதோ ஒரு விதிவிலக்கல்ல என்பது புரிந்தது. 1957-ல் வாலீயின் கூடத்திலிருந்து வந்த மெட்டலோதயோனின் என்ற புரதம் பின்னால் மறுபடியும் வரும்; செம்பின் கதையில் அதுதான் முக்கியப் பாத்திரம்.

இரும்பு மிஞ்சினால் உடம்பு அதை ஃபெரிட்டின் என்ற புரதத்தில் கட்டி வைத்துக்கொள்ளும்; பஞ்ச காலத்தில் எடுத்துச் செலவழிக்கும். துத்தநாகத்துக்கு அப்படி ஒரு களஞ்சியம் இல்லை. தினமும் குடல் வழியே கொஞ்சம் வெளியேறுகிறது, தினமும் சாப்பாட்டிலிருந்து அதை ஈடுகட்ட வேண்டும். பேதியில் அந்த வெளியேற்றம் பல மடங்காகிறது. குறைந்த துத்தநாகம் குடல் சுவரைப் பலவீனமாக்கி அடுத்த பேதிக்கு வாசலைத் திறந்து விடுகிறது. ஏழை வீட்டுக் குழந்தைகளை அரிக்கும் சுழல் இதுதான்.

மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது என்றுதான் 1960 வரை மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அதை மாற்றியவர் பீகாரின் பக்ஸரில் பிறந்து பாட்னாவில் மருத்துவம் படித்த ஆனந்த பிரசாத். 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது ஒரு நோயாளியைக் கொண்டுவந்து காட்டினார்கள். வயது 21, பார்த்தால் பத்து வயதுச் சிறுவன். பருவம் எட்டவில்லை, தோல் சொரசொரப்பு, கல்லீரலும் மண்ணீரலும் வீக்கம், கடும் ரத்தசோகை. அவன் சாப்பிட்டது புளிக்க வைக்காத முழுக் கோதுமை ரொட்டி. கூடவே தினமும் களிமண். அதே மாதிரி இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். இரும்புக் குறைவு மட்டும் வளர்ச்சியை இப்படி நிறுத்தாது என்று பிரசாத் யோசித்தார். 1961-ல் அந்த 11 பேரைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1963-க்குள் எகிப்தில் இதே நிலையிலிருந்த இளைஞர்களிடம் துத்தநாகக் குறைவை அளந்து காட்டினார். அவர்களுக்கு அது கொடுக்கப்பட்டபோது உயரமும் பருவமும் வந்தன. 1974-ல்தான் அமெரிக்காவின் தினசரிப் பரிந்துரைப் பட்டியலில் துத்தநாகம் ஏறியது. 2022-ல் பிரசாத் காலமானார். அவர் பெயரை நம் பாடப்புத்தகங்களில் தேடினால் கிடைக்காதது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஷிராஸ் நோயாளிகளின் ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. முழுக் கோதுமையில் நிறையவே உண்டு. ஆனால் தானியத்தின் உமியோடொட்டிய பகுதியில் பைட்டேட் என்ற பாஸ்பரஸ் சேர்மமும் இருக்கிறது. அது குடலில் துத்தநாகத்தை இறுகப் பற்றிக்கொண்டு அப்படியே வெளியே போய்விடும். அதைப் பிளக்கும் பைட்டேஸ் நொதி தானியத்துக்குள்ளேயே இருந்தாலும், ஈரமும் புளிப்பும் நேரமும் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். ஷிராஸ் மாவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

ஜெர்மனியின் கறுப்பு ரொட்டியை எடுத்துக்கொள்வோம். அதுவும் முழுத் தானியம்தான், ரை மாவு. ஆனால் அதைச் ‘சவர்டைக்’ எனப்படும் பழைய புளித்த மாவைச் சேர்த்து மணிக்கணக்கில் ஊற விடுகிறார்கள். ரையில் பைட்டேஸ் கோதுமையைவிட அதிகம். புளிப்பு ஏற ஏற அது பைட்டேட்டைப் பிளந்து துத்தநாகத்தை விடுவிக்கிறது. இட்லி மாவு இரவெல்லாம் பொங்குவதும், கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைப்பதும் இதே வேதியியல்தான். குழந்தைக்கு முதலில் ஊட்டும் கஞ்சிக்குக் கேழ்வரகை முளைகட்டச் சொன்ன பாட்டிமார் துத்தநாகம் என்று சொல்லவில்லை. ஆனால் செய்தது அதற்கான வேலை.

இந்தப் பைட்டேட் கணக்கை ஜெர்மனி அதிகாரபூர்வமாகவே எடுத்துக்கொண்டது. ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் ஆஸ்திரிய, சுவிஸ் அமைப்புகளோடு சேர்ந்து 2019-ல் வெளியிட்ட திருத்திய பரிந்துரையில், பெரியவர்களுக்கு ஒரே எண் இல்லை. பைட்டேட் குறைவாக உண்ணும் பெண்ணுக்கு நாளுக்கு 7 மி.கி., நடுத்தரமாக உண்பவருக்கு 8, அதிகமாக உண்பவருக்கு 10. ஆண்களுக்கு 11, 14, 16. இறைச்சியை விட்டுப் பருப்பும் முழுத் தானியமும் உண்பவர் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்பதே இதன் பொருள். குழந்தைகளுக்கு இந்தப் பிரிவினை இல்லை. வயதுவாரியாக எண்கள் மட்டும். முதல் நான்கு மாதம் 1.5 மி.கி., பிறகு ஒரு வயது வரை 2.5. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை 3 மி.கி. ஏழு வயது வரை 4. பத்து வரை 6. பதின்பருவத்தின் முடிவில் பையனுக்கு 14, பெண்ணுக்கு 11. ஒரு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 3 மில்லிகிராம் போதும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

தாய்ப்பாலில் துத்தநாகம் முதல் நாட்களில்தான் அதிகம். சீம்பாலில் உச்சம், மாதம் போகப் போக இறங்கிக்கொண்டே வரும். தாய் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் இந்த இறக்கம் நடக்கும். இது உடம்பின் இயல்பு. ஆறாம் மாதத்தையொட்டிக் குழந்தையின் தேவை பாலைத் தாண்டிவிடுகிறது. ஜெர்மானியர் இதற்குச் சொல்லும் பதில், ஐந்தாம் மாதத் தொடக்கத்துக்கும் ஏழாம் மாதத் தொடக்கத்துக்கும் நடுவே ஆரம்பிக்கும் முதல் ‘பிரை’, அதாவது மசியல். டோர்ட்மண்டின் குழந்தை ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் வகுத்த கணக்கு அது: 100 கிராம் காய்கறி, பெரும்பாலும் கேரட்; 50 கிராம் உருளைக்கிழங்கு; 30 கிராம் கொழுப்பு குறைந்த இறைச்சி; கொஞ்சம் பழச்சாறு; ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். பல்லே முளைக்காத குழந்தைக்கு மாட்டிறைச்சியா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திகைப்பார்கள். ஆனால் அந்த 30 கிராமுக்குக் காரணம் இருக்கிறது. இரும்பும் துத்தநாகமும் எளிதில் உறிஞ்சப்படும் வடிவில், பைட்டேட் இல்லாமல் அங்கே கிடைக்கின்றன. சைவ வீடுகளுக்கும் மாற்று சொல்லப்பட்டிருக்கிறது: இறைச்சிக்குப் பதில் 10 கிராம் ஓட்ஸ், எண்ணெயும் பழச்சாறும் அப்படியே.

சைவமாகவே வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மெத்தனமாகவும் இருக்கக் கூடாது. வெள்ளைச் சோறும் ரசமுமாக ஒரு வயதுப் பிள்ளையை வளர்த்தால் பைட்டேட்டும் குறைவு, துத்தநாகமும் குறைவு. பருப்பு, கடலை, எள், முந்திரி, தயிர், முட்டை, பாலாடைக்கட்டி என்று சேர்க்கத்தான் வேண்டும். ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் 2016-ல் குழந்தைகளுக்கு வீகன் உணவைப் பரிந்துரைக்கவில்லை. 2024-ல் நிலையைத் தளர்த்தி, பிள்ளைகள் விஷயத்தில் ஆதரிக்கவோ எதிர்க்கவோ போதிய தரவு இல்லை என்றது. நேர்மையான நிலைப்பாடு அது.

உணவுக்கு வெளியே, ஜெர்மனியில் ஒரு குழந்தை துத்தநாகத்தை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் வாயில் அல்ல, தோலில். ரைன் கரையில், ரோண்டோர்ஃப் என்ற ஊரின் மருந்துச் சரக்கு வியாபாரி மாக்ஸ் ரீஸே 1904-ல் தொடங்கிய பெனாட்டன் களிம்பின் நீல டப்பா இன்றும் குழந்தை உள்ள வீடுகளில் கிடக்கும். அதில் வெள்ளையாக இருப்பது துத்தநாக ஆக்சைடு. அதற்கும் முன்பே ஹாம்பர்கின் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா துத்தநாகப் பசையைக் கட்டுகளில் பரப்பியிருந்தார். டயபர் கட்டும் இடத்தில் சிவந்த தோலுக்கு இதைத் தடவினால் ஈரம் ஒட்டாமல் காக்கும். மேலே தடவுவது காப்பு மட்டுமே. உள்ளே இருக்கும் குறைவை அது தீர்க்காது.

ஏனென்றால் சில குழந்தைகளுக்குத் தோல் சிவப்பது டயபரால் அல்ல. வாயைச் சுற்றி, மலவாயைச் சுற்றி, கை கால் விரல்களின் ஓரத்தில், எல்லை வரைந்தது போலச் சிவந்து பொருக்குத் தட்டும். பேதி. முடி கொட்டும். எந்நேரமும் சிணுங்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை. இதை முதலில் கரப்பான் என்பார்கள், பிறகு பூஞ்சை என்பார்கள். களிம்பு மாறி மாறி வரும், வாரங்கள் ஓடும். நார்வேயின் டான்போல்ட்டும் குளோஸும் 1942-ல் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். காரணம் தெரியாத காலத்தில் பல குழந்தைகள் இறந்தன. தாய்ப்பால் குடிக்கும் வரை நோய் வராது, நிறுத்தியதும் வரும் என்று மட்டும் தெரிந்திருந்தது. 1973-ல் லண்டனில் எட்மண்ட் மொய்னஹன், கடுமையாக நோயுற்ற ஒரு சிறுமிக்குத் துத்தநாகம் கொடுத்தார், தோல் தெளிந்தது. 2002-ல் மரபணு தெரிந்தது: சிறுகுடலில் துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் புரதம் பழுது. மிக அரிய நோய், ஏறத்தாழ 5 லட்சம் பேரில் ஒருவருக்கு. வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். ஆனால் அந்த மருந்து இதே துத்தநாகம்தான், கிலோ எடைக்கு நாளுக்கு 3 மி.கி. என்ற கணக்கில் தொடங்குவார்கள். சில நாட்களிலேயே குழந்தையின் முகம் மாறிவிடும். இவ்வளவு மலிவான ஒரு பொருளால் இவ்வளவு விரைவாகத் திரும்பும் நோய் குழந்தை மருத்துவத்தில் அதிகமில்லை. அதனால்தான் இதைத் தவற விடுவது இவ்வளவு வலிக்கிறது.

இதன் இன்னொரு வடிவம், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வருவது. இங்கே குழந்தையின் குடல் நன்றாகவே இருக்கிறது. தாயின் மார்பகத்தில் துத்தநாகத்தைப் பாலுக்குள் தள்ளும் புரதத்தில் மரபணுப் பிசகு. 2006-ல் அது கண்டுபிடிக்கப்பட்டது. தாயின் ரத்தத்தில் அளவு சரியாக இருக்கும், பாலில் குறைந்திருக்கும். தாய்க்கு மாத்திரை கொடுத்தால் பால் சரியாகாது. குழந்தைக்குத்தான் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வெளிப்படும், ஏனென்றால் கருவில் துத்தநாகம் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. அது சேரும் முன்பே அவை பிறந்துவிடுகின்றன. ஜெர்மன் குறைமாதப் பிரிவுகளில் தாய்ப்பாலில் சத்துப்பொடி கலந்து கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தன் பாலில் ஏதோ தவறு என்று ஒரு தாய் தன்னை நொந்துகொள்ள இதில் எதுவுமில்லை.

சளியும் காய்ச்சலும்தான் பெற்றோரைத் துத்தநாகத்தின் பக்கம் அதிகம் இழுக்கின்றன. ‘கீட்டா’வில், அதாவது மழலையர் காப்பகத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் பிள்ளைக்கு மாற்றி மாற்றி நோய் வரும். “எதிர்ப்புசக்தி இல்லையோ?” என்ற கேள்வி எழும். துத்தநாகத்துக்கும் எதிர்ப்புசக்திக்கும் உறவு இருப்பது பொய்யல்ல. ஜமைக்காவில் 1977-ல் ஊட்டம் குன்றித் தேறி வந்த குழந்தைகளுக்குத் துத்தநாகம் கொடுத்தபோது, சுருங்கிப்போயிருந்த தைமஸ் சுரப்பி மீண்டும் வளர்ந்தது. டி-அணுக்கள் என்ற எதிர்ப்பணுக்கள் பயிற்சி பெறுவது அங்கேதான். ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் லோதர் ரிங்க் குழு பல வருடமாக இதையே ஆராய்கிறது. எதிர்ப்பணுக்களுக்குள் துத்தநாகம் ஒரு கட்டுமானப் பொருள் மட்டுமல்ல, செய்தி கடத்தும் சைகையும்கூட என்பது அங்கிருந்து வந்த முக்கியமான பங்களிப்பு. சைகை என்றால் குறைந்தாலும் கோளாறு, மிகுந்தாலும் கோளாறு.

ஆகன் இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான ஊர்தான். அதைச் சுற்றிய மண்ணில் நூற்றாண்டுகளாகத் துத்தநாகத் தாது வெட்டினார்கள். பக்கத்து ஸ்டோல்பெர்க் பித்தளையால் வாழ்ந்த ஊர். பழைய சுரங்கக் குவியல்களில் உலோகம் மிகுந்த மண்ணில் மட்டும் பூக்கும் மஞ்சள் வயலட் செடி இன்றும் இருக்கிறது. நம் பக்கம் இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டு வயல்கள் துத்தநாகம் குன்றியவை. நடவின்போது ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். பயிருக்குக் குறைவு வந்தால் இலை பழுப்பேறி உழவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பிள்ளைக்குக் குறைவு என்று எப்படித் தெரியும்? ரத்தப் பரிசோதனை செய்யலாமே என்றால், அது ஏமாற்றும். தொற்று வந்ததும் உடம்பே துத்தநாகத்தை ரத்தத்திலிருந்து கல்லீரலுக்கு இழுத்துக்கொள்கிறது, கிருமிக்குக் கிடைக்காமல் இருக்க. வெள்ளணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தைக் கொட்டி, மிச்சமிருப்பதையும் பிடித்து வைக்கின்றன. எனவே காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு எடுத்த ரத்தத்தில் எண் தாழ்ந்திருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தலைகீழான ஒரு நோயும் உண்டு. அதை விளக்கியதில் ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் நகருக்குப் பெரிய பங்கு. சில குழந்தைகளின் ரத்தத்தில் துத்தநாகம் இயல்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் வளர்ச்சி குன்றி, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, மூட்டும் தோலும் அழன்று, ரத்தசோகையோடு அவர்கள் அவதிப்படுவார்கள். அந்தத் துத்தநாகம் முழுக்கக் கால்புரோடெக்டினின் பிடியில் இருக்கிறது. யோஹானஸ் ரோத், டிர்க் ஹோல்ட்ஸிங்கர் முதலானோர் 2015-ல் காரணத்தை வெளியிட்டார்கள்: அழற்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதிக எண்ணைப் பார்த்து உலோக நஞ்சு என்று மருத்துவம் செய்திருந்தால் தவறாகியிருக்கும். ரத்தத்தில் எவ்வளவு என்பதைவிட, எது அதைப் பிடித்திருக்கிறது என்பதே கேள்வி என்று அந்தக் குழந்தைகள் காட்டினார்கள்.

இனி பேதிக்கு வருவோம். ஜெர்மனியிலும் ஒரு காலத்தில் கோடை வந்தால் குழந்தைகள் பேதியில் கொத்துக் கொத்தாய் இறந்தன. 1900-ஐ ஒட்டி அங்கே பிறந்த ஐந்து குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. எர்ன்ஸ்ட் மோரோ 1908-ல் அறிமுகப்படுத்திய கேரட் சூப் பலரைக் காப்பாற்றியது: அரைக் கிலோ கேரட்டை நன்றாக வேகவைத்து மசித்து, ஒரு லிட்டராக்கி, 3 கிராம் உப்பு. நம் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு மூத்த உறவு என்றே இதைச் சொல்லலாம். பிறகு சுத்தமான பால், குழாய்த் தண்ணீர், கழிவுநீர்க் குழாய், வயிறார உணவு எல்லாம் வந்தன, மரணம் ஓய்ந்தது. துத்தநாக மாத்திரை இல்லாமலே ஓய்ந்தது.

அந்த மாத்திரையின் சான்று இந்தியாவிலிருந்து வந்தது. டெல்லியில் சுனில் ஸாஸாவல், எம்.கே. பான் முதலானோர், 6 முதல் 35 மாதம் வரையிலான 937 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1995-ல் வெளியானது: துத்தநாகம் பெற்றவர்களில் பேதி தொடரும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்தது. வேறு நாடுகளின் முடிவுகளும் சேர, 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 10 முதல் 14 நாள் துத்தநாகத்தைப் பரிந்துரைத்தன. 2016-ன் காக்ரேன் மீளாய்வு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்குப் பேதி சராசரியாக அரை நாள் குறைகிறது. ஊட்டம் குன்றிய பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்கும் மேல். ஆறு மாதத்துக்குக் கீழே பலன் தெரியவில்லை. ஜெர்மனியின் பக்கத்து நாடான போலந்தில் 2010-ல் இதே சோதனையை நடத்தியபோது மாத்திரைக்கும் வெற்று மருந்துக்கும் வித்தியாசமே இல்லை. நன்றாகச் சாப்பிட்டு வளரும் பிள்ளைக்கு நிரப்ப வேண்டிய பள்ளம் இல்லை. எனவே ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் வல்லுநர்கள் 2014-ல், துத்தநாகக் குறைவு அரிதான ஐரோப்பாவில் இதனால் பலன் எதிர்பார்க்க முடியாது என்று எழுதினார்கள்.

ஒரே நாட்டுக்குள்ளும் ஒரே விதி எல்லா நோய்க்கும் ஓடாது. வங்கதேசத்தின் மத்லப் மருத்துவமனையில் 2004-ல் துத்தநாகம் கடும் நிமோனியாவைச் சீக்கிரம் குணமாக்கியது. அதை நம்பி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இரண்டு வயதுக்குட்பட்ட 299 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. மொத்தத்தில் பலன் இல்லை. கோடை மாதங்களில் வந்த குழந்தைகளுக்கு நோய் நீடிக்கவும் செய்தது. அதே தரவை மறுபடி அலசியபோது, எந்தக் கிருமியால் நிமோனியா வந்தது என்பதைப் பொறுத்துத் துத்தநாகத்தின் விளைவும் மாறுவது தெரிந்தது. எதிர்பார்த்தது வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதிய அந்த வேலூர்க் கட்டுரையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இப்போது அந்த 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு எல்லா வழியிலும் சேர்த்துத் தாங்கக்கூடிய உச்சம் நாளுக்கு 7 மி.கி. தேவைக்கும் உச்சத்துக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி வேறு சத்துகளில் அதிகம் இல்லை. சாப்பாட்டிலேயே 4 மி.கி. கிடைக்கும் பிள்ளைக்கு 5 மி.கி. வில்லை ஒன்று கொடுத்தால் உச்சம் தாண்டிவிட்டது. பேதிக்குத் தரும் 20 மி.கி. இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும் மருத்துவம். குளிர்காலம் முழுக்கச் சப்பும் வில்லை வேறு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பெரியவர்களுக்கான சத்து மாத்திரைகளிலேயே நாளுக்கு 6.5 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆனால் இலையுதிர் காலம் வந்தால் கடைத்தட்டில் 10, 15, 25 மி.கி. மாத்திரைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றை உடைத்துப் பிள்ளைக்குப் பாதி கொடுக்கும் வீடுகள் உண்டு.

நீண்டநாள் மிகுந்தால் என்ன ஆகும்? வாலீ கண்ட மெட்டலோதயோனின் இங்கே வருகிறது. துத்தநாகம் அதிகமானால் குடல் செல்கள் அந்தப் புரதத்தை நிறையச் செய்யும். ஆனால் அது துத்தநாகத்தைவிடச் செம்பைத்தான் இறுகப் பிடிக்கும். செம்பு உடம்புக்குள் போகாமல் உதிர்ந்த செல்லோடு வெளியேறும். வில்சன் நோயில், கல்லீரலில் செம்பு தேங்கும் பிள்ளைகளுக்கு இதையே மருந்தாக்கியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இதே விளைவு ரத்தசோகையாகவும் வெள்ளணுக் குறைவாகவும் முடியலாம்: எதிர்ப்புசக்திக்கென்று கொடுத்தது எதிர்ப்பணுக்களைக் குறைக்கும். மூக்கு வழியே கொடுத்ததிலும் கேடு வந்திருக்கிறது. 1937-ல் டொரண்டோவில் போலியோ அச்சத்தில் ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் பீய்ச்சினார்கள். போலியோ நிற்கவில்லை, சிலருக்கு மோப்ப உணர்வு நிரந்தரமாகப் போனது.

இந்தியாவின் நிலை வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பேதி கண்ட குழந்தைகளில் 60.6 சதவீதத்துக்குக் கரைசல் கிடைத்தது. துத்தநாகம் கிடைத்தது 30.5 சதவீதத்துக்குத்தான். ஐந்து வருடம் முன்பு 20.3 ஆக இருந்தது. ஏறியிருக்கிறது, ஆனாலும் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு அது கிடைக்கவில்லை. வாங்கிப் போகும் தாய்மாரிலும் பலர், பேதி நின்றதும், அல்லது மாத்திரை கொடுத்ததும் பிள்ளை வாந்தி எடுத்ததும், நிறுத்திவிடுகிறார்கள். வாந்திக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு, 20 மி.கி.க்குப் பதில் 10 அல்லது 5 மி.கி. கொடுத்தாலும் பேதியில் பலன் குறையவில்லை, வாந்தி குறைகிறது என்றது.

ஆடி ஆவணியில் ஜெர்மன் பள்ளி விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ மதுரையோ போகும் குடும்பங்களில் இந்த இரண்டு உலகமும் ஒரே கூடத்தில் படுத்திருக்கும். வந்த பிள்ளைக்குப் பேதி கண்டால் கரைசல்தான் முதல் மருந்து. வாந்தியெடுத்தால் தேக்கரண்டி தேக்கரண்டியாக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. கண் குழிந்து, சிறுநீர் நின்று, பிள்ளை துவண்டால் உடனே மருத்துவமனை. உள்ளூர் மருத்துவர் துத்தநாகம் எழுதினால் இரண்டு வாரம் கொடுப்பதில் கேடில்லை. கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டாம். அதே வீட்டில் எடை குன்றி, வருடத்தில் பலமுறை பேதி காணும் சித்தி மகனோ மாமா மகளோ இருந்தால், பேதி நின்ற பிறகும் மாத்திரை நாட்கள் முழுக்கத் தொடர்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஜெர்மனிக்குத் திரும்பிய பின்னும் தொலைபேசியில் கேளுங்கள்.